ரீட்மி எழுதுகிறவர்களுக்கு மார்க்டவுன்: காலி வரியில் தொடங்குங்கள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு எடையும் பில்லும் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தை முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலு மணிக்குக் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வேறொன்றில் நிறுவ என்னோடு வேலை பார்க்கும் பெண் போயிருந்தாள். நான் திருமங்கலத்தில், வீட்டில். போன் வந்தது: "அக்கா, ரீட்மியில மூணாவது படி எங்கக்கா இருக்கு? எல்லாம் ஒரே பத்தியா ஓடுது."

ரீட்மி என்பது மென்பொருளோடு கொடுக்கும் விளக்கக் கோப்பு. அதில் நான் ஆறு படிகளை ஆறு வரிகளாகத்தான் எழுதியிருந்தேன். எடிட்டரில் ஒழுங்காக நின்றன. பக்கமாக மாறியபோது ஆறும் ஒட்டிக்கொண்டன. தரவுத்தளத்தை உருவாக்கச் சொல்லும் வரி நடுவில் புதைந்து கிடந்தது. மல்லி மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்க, கடையில் துண்டுச் சீட்டில் பில் எழுதினார்கள். ரீட்மியை எழுதுவது மார்க்டவுனில்: வெறும் எழுத்தில் சில குறிகள் போட்டால் தலைப்பும் பட்டியலுமாகப் பக்கமாக மாறும் எழுத்துமுறை. அந்த வாரமே உட்கார்ந்து அதை முறையாகக் கற்றேன். ஒரு சாயங்காலம் போதும், அவ்வளவுதான் அது.

மார்க்டவுனை 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்டார். ஆரன் ஸ்வார்ட்ஸ் உதவினார். பக்கமாக மாற்றாமல் வெறும் எழுத்தாகப் படித்தாலும் புரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 2014-ல் காமன்மார்க் என்ற பெயரில் விதிகளைத் தெளிவாக வரையறுத்தார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அதன்மேல் அட்டவணை போன்ற சிலவற்றைச் சேர்த்துக்கொண்டது. கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்குப் பொருந்தும்.

முதலில் காலி வரி. ஒரு தடவை என்டர் தட்டினால் பத்தி முடியாது. நடுவே ஒரு வரி காலியாக இருந்தால்தான் புதுப் பத்தி. முகவரி மாதிரி அடுத்தடுத்த வரிகளாகவே நிற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பின்சாய்கோடு ( \ ) போடுங்கள். இரண்டு ஸ்பேஸ் விட்டாலும் நடக்கும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது, அடுத்தவர் அழித்துவிடுவார். படிகளுக்கு எண் போட்டு, புள்ளி வைத்து, ஒரு ஸ்பேஸ் விடுங்கள்.

தலைப்புக்கு ஹேஷ் குறி. ஒன்று போட்டால் பெரிய தலைப்பு, ஆறு வரை போகலாம். குறிக்குப் பிறகு ஸ்பேஸ் கட்டாயம். நான் இரண்டு நிலைகளைத் தாண்டுவதே இல்லை.

# பூக்கடை பில்

## நிறுவுவது எப்படி

அப்புறம், படிகளுக்கு நடுவில் வரும் நிரல் வரிகள் (code). இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மூன்று பேக்டிக் ( ` ) போட்டுத் திறந்து, மூன்று போட்டு மூட வேண்டும். ஆனால் அந்தப் பெட்டி இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் பட்டியல் அங்கேயே அறுந்துவிடும். படியின் எழுத்து எங்கே தொடங்குகிறதோ, அதற்கு நேராகத் தள்ளி வையுங்கள். "2. " என்றால் மூன்று ஸ்பேஸ்:

2. அமைப்புக் கோப்பில் இந்த இரண்டு வரிகளும் இருக்கின்றனவா பாருங்கள்

   ```
   அலகு = கிலோ
   பில் அகலம் = 80
   ```

3. தரவுத்தளத்தை உருவாக்குங்கள்

தடித்த எழுத்துக்குச் சொல்லின் இருபுறமும் இரண்டு நட்சத்திரம், சாய்வுக்கு ஒன்று. அடிக்கோட்டுக் குறியும் இதே வேலையைச் செய்யும் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் அதை நம்ப வேண்டாம். நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். **மல்லி**க்கு என்று எழுதினால் மல்லி மட்டும் தடிக்கும். __மல்லி__க்கு என்று எழுதினால் தடிக்காது. குறிகள் அப்படியே பல்லைக் காட்டும், ஏனென்றால் சொல்லுக்கு நடுவில் வரும் அடிக்கோட்டை அது குறியாக எடுப்பதில்லை. நட்சத்திரத்துக்கும் ஒரு கண்டிஷன் உண்டு. **"மல்லி"**க்கு என்று மேற்கோளை உள்ளே வைத்தால் வேலை செய்யாது. மேற்கோளை வெளியே எடுத்து "**மல்லி**"க்கு என்று எழுதுங்கள், சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது.

இதைவிட ஆபத்தானது பெருக்கல் குறி. எங்கள் ரீட்மியில் எடை*விலை*விகிதம் என்று கமிஷன் கணக்கு இருந்தது. பக்கத்தில் அது எடைவிலைவிகிதம் என்று வந்தது, நடுச்சொல் மட்டும் சாய்ந்து. இரண்டு நட்சத்திரமும் காணாமல் போய்விட்டன. பெருக்குவதா கூட்டுவதா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே சூத்திரம், கட்டளை, கோப்பின் பெயர் மூன்றையும் எப்போதும் ஒற்றை பேக்டிக்குக்குள் வையுங்கள்: `எடை*விலை*விகிதம்`. உள்ளே இருப்பதை மார்க்டவுன் தொடாது.

இணைப்புக்குச் சதுர அடைப்பில் பெயர், உடனே வளைந்த அடைப்பில் இடம்: [பில் வடிவம்](பில்.எம்டி). படத்துக்கும் இதேதான், முன்னால் ஓர் ஆச்சரியக்குறி.

அட்டவணையைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். வெறும் எழுத்தாகப் பார்க்கும்போது அகலமான அட்டவணையைப் படிக்கவே முடியாது. இரண்டு நெடுவரிசை, மூன்று நெடுவரிசை என்றால் நன்றாக உட்காரும்:

| பூ | அலகு |
|---|---|
| மல்லி | கிலோ |
| பிச்சி | கிலோ |
| தாமரை | எண்ணிக்கை |

இரண்டாவது வரியில் உள்ள கோடுகள் இல்லாவிட்டால் அது அட்டவணையே ஆகாது. எண்கள் வலப்பக்கம் ஒதுங்க வேண்டுமென்றால் அந்தக் கோடுகளின் முடிவில் ஒரு முக்காற்புள்ளி.

எழுதி முடித்ததும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், ப்ரிவ்யூ வரும். அதைப் பார்க்காமல் நான் இப்போது எதையும் சேமிப்பதில்லை. அப்புறம் அந்த மென்பொருளை இதுவரை தொடாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

போன மாதம் அந்தப் பெண் தானாகவே ஒரு பகுதி சேர்த்திருந்தாள்: "## கரண்ட் போனால்". யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும், பாதி எழுதிய பில் எந்தக் கோப்பில் இருக்கும், எல்லாம் ஐந்து படிகளில். நான் ப்ரிவ்யூவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது படியில் இருந்த பெட்டியை மூன்று ஸ்பேஸ் தள்ளி வைத்தேன்.