முதியவர் வாழும் வீட்டில் அவர் நோக்கத்தை ஊகிக்கும் முறை

அசைவு உணரி ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லும். எதற்காக அங்கே போனார் என்பதைச் சொல்லாது. ஆகவே முதியவர் தனித்து வாழும் வீட்டுக்குத் துணை அமைப்பு ஒன்றை உருவாக்குபவர், அது ஒரே விடையைப் பிடித்துக்கொள்ளாமல் பல நோக்கங்களையும் கணக்கில் வைத்திருக்கும்படி அமைக்க வேண்டும்.

கேமரா தேவையில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் காசாஸ் திட்டம், அசைவு உணரிகளையும் கதவு உணரிகளையும் கொண்டே அன்றாடச் செயல்களை அடையாளம் காண்கிறது. படுக்கை, கழிவறை, சமையலறை, வாசற்கதவு ஆகியவற்றில் தொடங்கலாம்.

பிறகு அந்த வீட்டின் வழக்கத்தையே சில வாரங்கள் பதிவு செய்யுங்கள். இத்துறையில் பலரும் கையாண்ட ஆம்ஸ்டர்டாம் தரவு, 26 வயது இளைஞர் ஒருவரின் வீட்டில் 14 உணரிகளால் 28 நாட்கள் திரட்டப்பட்டது. அவருடைய இரவும் எண்பது வயது மூதாட்டியின் இரவும் ஒன்றாக இரா.

இனி ஊகம். இரவு 2 மணிக்கு மூதாட்டி எழுகிறார் எனக் கொள்வோம். அவர் அந்நேரம் எழுவது கழிவறைக்காக 80%, தண்ணீருக்காக 15%, வெளியே செல்வதற்காக 5% எனப் பதிவுகளிலிருந்தும் குடும்பத்தாரிடம் கேட்டும் மதிப்பிட்டிருக்கிறோம். வாசலருகே அசைவு தெரிகிறது. அந்த நோக்கங்களில் அவர் வாசலருகே வரும் வாய்ப்பு முறையே 5%, 10%, 80% என்றால், ஒவ்வொரு நோக்கத்தின் இரண்டு எண்களையும் பெருக்கி, அப்பெருக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கும்போது கழிவறை 42%, தண்ணீர் 16%, வெளியே செல்லுதல் 42% என்று மாறுகிறது. புதிய சான்று கிடைத்ததும் பழைய மதிப்பீட்டைத் திருத்தும் இக்கணக்கே பேய்ஸ் விதி. மிக அரிதாக இருந்த நோக்கம் ஓர் அசைவிலேயே கழிவறைக்குச் சமமாக வந்துவிட்டது. ஆனாலும் அது பாதியைக்கூட எட்டவில்லை.

என்ன செய்வது என்பதை, ஊகம் தவறினால் நேரும் தீங்கையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். நடைவழி விளக்கை எரியவிடுவது எந்த நோக்கத்துக்கும் இடையூறு அல்ல, உடனே செய்யலாம். கதவு திறந்தால் மட்டும் மகளுக்கோ மகனுக்கோ அழைப்புப் போகட்டும். கதவைத் தானாகப் பூட்டும் வசதியை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்: அவர் எழுந்தது தீயின் புகையால்கூட இருக்கலாம்.

அசைவு இல்லாமையும் ஒரு சான்றே. கழிவறைக்குள் சென்றவர் வழக்கத்தைவிட நெடுநேரம் வெளிவராவிட்டால் விழுந்திருக்கலாம் என்ற ஊகத்தை உயர்த்துங்கள். விருந்தினர் வந்து இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் அசைவு தெரிந்தால், யார் எவர் என உணரி அறியாது என்பதால், ஊகிப்பதை நிறுத்திவையுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்பே மூதாட்டியின் சம்மதம் வேண்டும். வாரம் ஒருமுறை ஊகங்களை அவரிடமே காட்டித் திருத்தம் கேளுங்கள்; அமைப்பை அணைக்கும் சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.