ஜிபிஏ1 மரபணு சோதனை ரிப்போர்ட்: எங்கே தவறு நடக்கிறது?

ஜிபிஏ1 மரபணு தரும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதி, செல்லில் கழிவை உடைக்கும் பையான லைசோசோமுக்குள் ஒருவகைக் கொழுப்பை உடைக்கிறது. தாய், தந்தை வழி வந்த இரு பிரதிகளும் பழுதானால் அந்தக் கொழுப்பு உடலில் தேங்கும் கோஷே நோய் வரும். ஒன்று பழுதானாலே பார்கின்சன் (நடுக்குவாதம்), லூயி பாடி டிமென்ஷியா (ஒருவகை மறதி நோய்) ஆபத்து கூடும். 16 மையங்களின் தரவைச் சேர்த்து 2009-ல் வெளியான ஆய்வு பார்கின்சன் தொடர்பை உறுதிசெய்தது. ஆனாலும் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களில் பெரும்பாலோருக்குப் பார்கின்சன் வருவதே இல்லை. 'பாசிட்டிவ்' என்றதும் நோய் வந்துவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

பெரிய தவறு சோதனையிலேயே நடக்கிறது. இந்த மரபணுவுக்குச் சுமார் 16,000 எழுத்து தள்ளி, ஏறக்குறைய இதே வரிசையுடன் ஒரு போலி மரபணு (வேலை செய்யாத நகல்) இருக்கிறது. புரதத்துக்கான குறிப்புள்ள பகுதிகளான எக்ஸான்களில் ஒற்றுமை 96%. மரபணு எழுத்துகளைப் படிக்கும் சாதாரண சீக்வென்சிங் சோதனை டிஎன்ஏவைச் சுமார் 150 எழுத்துத் துண்டுகளாகப் படிக்கும். துண்டு எந்த மரபணுவுடையது என்று மென்பொருளே குழம்பும். இந்தியக் கோஷே நோயாளிகளிடம் அதிகம் தென்படும் எல்444பி மாற்றம் (444-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் என்ற அமினோ அமிலம்), போலி மரபணுவில் இயல்பாகவே இருக்கும் எழுத்துதான்! அதனால் இல்லாதது இருப்பதாக வரலாம், இருப்பது விட்டுப்போகலாம். ஜிபிஏ1-ஐ மட்டும் லாங் ரேஞ்ச் பிசிஆரில் (நீண்ட டிஎன்ஏ துண்டை நகலெடுக்கும் முறை) பெருக்கிப் படித்தார்களா என்று லேபில் கேளுங்கள்.

பழைய ரிப்போர்ட்டில் எல்444பி, புதியதில் எல்483பி என்றிருந்தால் அவை இரண்டல்ல, ஒன்றே. புரதத்தின் முன்பகுதியிலுள்ள 39 அமினோ அமிலங்களையும் இப்போது சேர்த்து எண்ணுகிறார்கள். இ326கே (புது எண்ணில் இ365கே) என்ற இன்னொரு மாற்றம் தனியாகக் கோஷே நோயைத் தராது என்பதால் சில ரிப்போர்ட்டுகள் அதைக் குறிப்பிடுவதில்லை. பார்கின்சனுக்கு அது ஆபத்துக் காரணி, ஒதுக்கக் கூடாது. ரத்தத்தில் நொதி அளவு 'நார்மல்' என்பதும் போதாது. ஒரு பிரதி பழுதானவர்களின் அளவு சாதாரண அளவோடு கலந்துவிடும்.

கோஷே நோய்க்கு ஊசி வழி ஏற்றும் நொதி மூளைக்குள் போகாது, பார்கின்சனுக்கு அதைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது, பார்கின்சனுக்கு இருமல் மருந்து குடிக்கலாம் என்ற பேச்சு. ஆம்ப்ராக்சால் என்ற சளி, இருமல் மருந்து இந்த நொதியைக் கூட்டுமா என்று ஆய்வு நடப்பது உண்மை. 2020-ல் வெளியான சிறு ஆய்வில் தந்த அளவு நாளுக்கு 1,260 மி.கி. 5 மில்லிக்கு 30 மி.கி. உள்ள சிரப்பில் அது 210 மில்லி, 100 மில்லி பாட்டில் இரண்டுக்கும் மேல்! அதோடு, நம் கடைகளில் கிடைக்கும் பல சிரப்புகளில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்ப்யூட்டலினோ சால்ப்யூட்டமாலோ கலந்திருக்கும். இரண்டுமே கைநடுக்கத்தைக் கூட்டும்.