ஹெட்செட் மாட்டும் முன்: விஆர் ஆய்வில் நாம் செய்யும் தவறுகள்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் பஸ்ஸில் யாராவது ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்திருப்பார். விஆர் (ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகம்) ஆய்வு செய்யப்போகிறோம் என்று வரும் மாணவர்களிடம் நான் முதலில் பேசுவது அந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான்.

உயரத்தைக் கண்டு பயப்படுவதை ஆராய்கிறோம் என்றால், சேலத்துக்காரர்களுக்கு உடனே தோன்றுவது மலைப்பாதை. கார் மேல் 360 டிகிரி கேமராவைக் கட்டிப் படம் பிடித்துக் காட்டிவிடலாம் என்பார்கள். நானும் அதைச் செய்தவன்தான். வந்திருந்த பெண்ணுக்கு உள்ளங்கை வியர்த்தது, நாடித்துடிப்பு ஏறியது. பயம் அருமையாகப் பதிவாகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஹெட்செட்டைக் கழற்றியவர் கேட்டது: "சார், வாந்தி வருது, பாத்ரூம் எங்க?"

பஸ்ஸில் போன் பார்த்துக்கொண்டு போனால், வண்டி வளைவது உள்காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஹெட்செட்டில் இது தலைகீழ். கண்ணுக்கு மலையே சுற்றுகிறது, உடம்போ நாற்காலியில் அசையாமல் இருக்கிறது. இரண்டிலும் குமட்டும். பயந்தாலும் வியர்க்கும், குமட்டினாலும் வியர்க்கும். அன்று நான் எதை அளந்தேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் கேமராவை ஏற்காட்டின் பகோடா பாயின்ட் காட்சிமுனை மாதிரி ஓரிடத்தில் அசையாமல் நிறுத்துங்கள். திரும்பிப் பார்ப்பது பார்ப்பவரின் கழுத்தாக இருக்கட்டும். குமட்டல், தலைசுற்றல் போன்றவற்றை அளக்க ராபர்ட் கென்னடி குழுவினர் 1993-இல் வெளியிட்ட வினாத்தாள் இருக்கிறது: 16 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு மட்டுமல்ல, மாட்டும் முன்பும் நிரப்பச் சொல்லுங்கள். ஏற்காட்டிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் இறங்கி வந்தவருக்கு ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருக்கலாமே!

எடுத்த எடுப்பில் உச்சியில் நிறுத்துவதும் தவறு. பார்பரா ராத்பாம் குழு 1995-இல் வெளியிட்ட உயரப் பய ஆய்வில் நடைபாலம், பால்கனி, கண்ணாடி லிஃப்ட் என்று படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். இதெல்லாம் உளவியலாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது, ஆப் இறக்கி வீட்டில் செய்வதல்ல.

அப்புறம், நர்சிங் பயிற்சி. இதயம் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்தச் சிகிச்சையை (சிபிஆர்) கையில் பிடிக்கும் வெறும் விஆர் கன்ட்ரோலரோடு சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்காது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். காற்றைக் குத்தினால் தாளம் வரலாம், ஆழம் வராது. நிஜ மார்பு எதிர்த்துத் தள்ளும், காற்று தள்ளாது. யாரைக் கூப்பிடுவது, எதை முதலில் செய்வது என்பதற்கு விஆர் நல்லதுதான். அழுத்திப் பழக பொம்மை வேண்டும்.

"மாணவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது" என்பதை முடிவாக எழுதாதீர்கள். புதுப் பொருள் எல்லோருக்கும் பிடிக்கும். ஒன்றுமே கற்காத குழுவோடு ஒப்பிடுவதும் ஏமாற்று. அதே அளவு நேரம் பொம்மையில் பழகிய குழுவோடு ஒப்பிடுங்கள். 2002-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்களை ஹெட்செட்டுக்குள் அல்ல, நிஜப் பித்தப்பை அறுவையில் வைத்துத்தான் சோதித்தார்கள். விஆரில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் கட்டத்தை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். அப்படிச் சோதித்ததால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

வலிப்பு வந்ததுண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும்; கண்ணசைவும் தலையசைவும் பதிவாகும் என்பதை அதில் சொல்லுங்கள்.

கடைசியாக, மல்லிகைப்பூ. பின்னலில் பூ வைத்திருந்தால் ஹெட்செட்டின் பட்டை அதன்மேல் உட்கார்ந்து நழுவும், லென்ஸ் மேலே ஏறும், எல்லாம் மங்கும். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மி.மீ. தூரம், ஆளுக்கு ஆள் மாறும். லென்ஸ் இடைவெளியை அதற்கேற்பச் சரிசெய்யாமல் விட்டாலும், "படம் சரியில்லை" என்று குறைந்த மதிப்பெண் போடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் ஆய்வு வைப்பதே இல்லை.