தத்தெடுத்த நாய் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறதா? செட்டிநாட்டு வீட்டில் பழக்கும் முறை

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்த நாய் உள்ளே மூத்திரம் போனால் உடனே "திமிர்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது பயம். இல்லாவிட்டால், எங்கே போக வேண்டும் என்று யாரும் அதற்குக் காட்டியிருக்க மாட்டார்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வளவில், அதாவது வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றத்தில், நின்றால் மேலே வானம் தெரிகிறது, மழை உள்ளே விழுகிறது, தண்ணீர் வடிகிறது. அதை வெளியிடம் என்று நாய் நினைத்தால் அதன்மேல் என்ன தப்பு?

தொடங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போவது, ரத்தம் கலந்து வருவது, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது எல்லாம் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று உள்ள நாயை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது.

1. எந்த வகை என்று பாருங்கள்

நீங்கள் குனியும்போதோ சத்தமாகப் பேசும்போதோ காதை மடக்கி, வாலைக் கால்களுக்கு இடையே செருகிக்கொண்டு சிந்தினால் அது பயம். தேக்குத் தூணிலும் கதவு நிலையிலும் காலைத் தூக்கிக் கொஞ்சமாக அடித்தால் அது எல்லை போடுவது. ஆண் நாய்களில் பலவற்றுக்குக் கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு இது குறையும். நிதானமாக நின்று குளம் கட்டினால் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

2. வீட்டைச் சுருக்குங்கள்

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஒரு பழைய போர்வை, தண்ணீர்ச் சட்டி போதும். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்குப் பொதுவாகப் பிடிக்காது. தவறு நடக்காமல் நாட்கள் போகப் போக, ஒவ்வொரு கட்டாகத் திறந்துவிடலாம். வளவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. நேரம் பார்த்துக் கூட்டிப்போங்கள்

எழுந்ததும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலும், விளையாடி முடித்ததும், தூங்கப் போகுமுன்னும் கயிறு போட்டுக் கொல்லையில் ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். நின்று பொறுமையாக இருங்கள், பேச்சுக் கொடுக்க வேண்டாம். போய் முடித்த அந்த நொடியே பாராட்டி, உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது நினைத்துக்கொள்ளும். (குழம்பிலிருந்து எடுத்த துண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, நம் குழம்பில் அது இரண்டும்தானே நிறைய.) சித்திரை வெயிலில் தரை சுடும். உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு நிழலான இடத்தைப் பிடியுங்கள்.

4. திட்டாதீர்கள்

மூக்கை அதில் தேய்ப்பது, விளக்குமாற்றால் அடிப்பது எல்லாம் பயந்த நாயை இன்னும் பயப்படுத்தும். அப்புறம் உங்கள் கண்ணில் படாமல் பத்தாயத்துக்குப் பின்னால் போய்ப் போகும். போகும்போதே பார்த்தால் மெல்லக் கைதட்டி வெளியே கூட்டிப்போங்கள். பயத்தில் சிந்துகிற நாயைப் பார்த்ததும் குனிந்து தலையைத் தடவ வேண்டாம். பக்கவாட்டில் உட்காருங்கள், அதுவாக வரட்டும். வருகிற விருந்தாளிகளிடமும் ஆச்சி, ஐயாமாரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. வாசம் போகக் கழுவுங்கள்

ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். பழைய வாசம் மிச்சமிருந்தால் நாய் அதே இடத்துக்குத் திரும்பும். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். நம் வீட்டுத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. ஆசிட், வினிகர், எலுமிச்சை பட்டால் மேற்பூச்சு அரித்து நிறம் போகும். அமோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், அதன் வாசம் மூத்திரத்தைப் போலவே இருக்கும்.

வீட்டில் கல்யாணம், காது குத்து என்றால் பழகிய நாய்கூட மேளச் சத்தத்திலும் வேட்டுச் சத்தத்திலும் தவறும். அன்றைக்கு அதை அந்தப் பழைய அறையிலேயே விடுங்கள். வீட்டாள் ஒருவர் இடையிடையே கொல்லைக்குக் கூட்டிப்போனால் போதும்.