‘சின்ன வேலைதானே?’ கடல் எண்ணெய்த் தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையின் தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் அறை எடுத்துத் தங்கி, ஏஜென்டின் அழைப்புக்குக் காத்திருக்கும் நம் ஊர் ஃபிட்டர், வெல்டர், ரிக்கர்களிடம் பேசிப் பாருங்கள். புயல், ஆழ்கடல், ஹெலிகாப்டர் ஆகியவற்றுக்குத்தான் பயப்படுவார்கள். கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பெரிய விபத்துகளின் தொடக்கத்தைத் தேடிப் போனால், யாரும் பெரிதாக நினைக்காத ஒரு வேலையில் போய் முட்டிக்கொள்கிறோம்.

2005 ஜூலை 27, மும்பை வெள்ளத்துக்கு மறுநாள். ‘சமுத்ரா சுரக்ஷா’ என்ற கப்பலில் ஒரு சமையல்காரருக்கு விரலில் வெட்டு. சிகிச்சைக்கு அவரை மும்பை ஹை நார்த் தளத்துக்கு மாற்ற வேண்டும். கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் திரஸ்டரில் கோளாறு இருந்தும் கொந்தளிக்கும் கடலில் கப்பலைத் தளத்தை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். கப்பலின் ஹெலிகாப்டர் மேடை, எரிவாயு செல்லும் ரைசர் குழாயில் மோதியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் தளமே தீக்கு இரையானது; 22 பேர் மாண்டார்கள். விரல் காயத்தைப் பார்த்த கண்கள், பக்கத்தில் நிற்கும் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறின.

பராமரிப்பு வேலையில் இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, ஷிப்ட் மாறும்போது வாயைத் திறக்காமல் போவது. வட கடலில் 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா தளத்தில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை. திறந்த வாயில் ஒரு மூடித் தகடு வைத்துவிட்டுப் போனார்கள்; கசியாத அளவுக்கு அது இறுக்கப்படவில்லை. பம்பு வேலைக்கு ஒரு பெர்மிட் (எழுத்து மூல அனுமதிச் சீட்டு), வால்வு வேலைக்குத் தனியாக இன்னொன்று. இரவு மற்றொரு பம்ப் நின்றுபோனபோது, இரவு ஷிப்டுக்காரர்களின் கண்ணில் பட்டது முதல் பெர்மிட் மட்டுமே. வால்வு கழன்றிருந்த பம்பை ஓட்டினார்கள்; கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

ஆகவே பெர்மிட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த ஷிப்டுக்காரரை அந்த இடத்துக்கே அழைத்துப் போய், எந்த வால்வு கழன்றிருக்கிறது, எந்த பிளாஞ்சில் (குழாய் இணைப்பில்) கசிவு தடுக்கும் கேஸ்கெட் போடவில்லை என்று தொட்டுக் காட்டுங்கள். வேலை முடியும்வரை யாரும் இயக்காதபடி வால்வுக்கோ சுவிட்சுக்கோ பூட்டு போட்டிருந்தால் சாவி உங்கள் பையில்தான் இருக்க வேண்டும். ‘அண்ணே, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, நான் திறந்துக்கிறேன்’ என்கிற தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, கொடுக்காதீர்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. வேலைக்கு முன் சூப்பர்வைசர் இந்தியில் கடகடவென்று சொல்லிவிட்டு ‘சம்ஜா?’ என்பார். பாதி புரியாவிட்டாலும் வரிசையாகத் தலைகள் ஆடும். புரியவில்லை என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். சொன்னதை உங்கள் ஓட்டை இந்தியிலேயே அவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வாயு விஷயத்தில் மூக்கை நம்புவது முட்டாள்தனம். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஏறக்குறைய 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று தோன்றும். வசாய் கடல் வயல்களில் இந்த வாயு கலந்தேதான் எரிவாயு வருகிறது. காலையில் எடுத்த கேஸ் டெஸ்டை வைத்துக்கொண்டு மதியம் தொட்டிக்குள் இறங்கவும் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னாலேயே குதிக்காதீர்கள், அவர் சொந்தத் தம்பியாகவே இருந்தாலும்.

ஹெலிகாப்டர் பயிற்சிக்கு வருவோம். ஜுஹுவிலிருந்து பறக்கும் முன் நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் போன்ற கூண்டுக்குள் உட்கார வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பழக்குவார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்று இதை அலட்சியமாக எடுத்துக்கொள்வதுண்டு. நீந்தத் தெரிந்தவர்தான் அவசரப்பட்டு பெல்ட்டைக் கழற்றுகிறார். மிதந்து, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தவிக்கிறார். ஒரு கை ஜன்னல் ஓரத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்து, அதன்பின் பெல்ட்டை விடுவிக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளேயே ஊதிவிட்டால் அது உங்களைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும்.

இத்தனையையும் விட்டுவிட்டு ‘வராமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லும் ஏஜென்டுகளும் இந்த ஊரில் உண்டு. வாங்காதீர்கள். அசல் சான்றிதழ் கையில் இருந்தால் காலாவதித் தேதியை இன்றைக்கே பாருங்கள்: கடல் எண்ணெய்த் துறைப் பயிற்சிகளுக்குத் தரம் வகுக்கும் ஆப்பிட்டோ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற அடிப்படைப் பயிற்சி நான்கு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அது முடிவதற்குள் புதுப்பித்துவிட்டால் ஒரு நாள் பயிற்சியோடு போய்விடும்.