ஃபிளை ஆற்றை வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்களிடம் வரைபட வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடம் தாமிரபரணி. அதை முடித்ததும் வெளிநாட்டு ஆறு ஒன்று கொடுப்போம், பெரும்பாலும் ஃபிளை. பப்புவா நியூ கினியாவின் மலைக்காட்டில் பிறந்து, மேற்கே வளைந்து இந்தோனேசிய எல்லையை உரசிவிட்டு, மறுபடி உள்ளே திரும்பிப் பப்புவா வளைகுடாவில் கலக்கிறது. நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். எழுத்துப்பிழையும் நிறக் குளறுபடியும் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லையை ஸ்கேல் வைத்து இழுப்பது

இந்தோனேசிய எல்லை 141 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை என்று படித்ததுமே மேலிருந்து கீழே ஒரே கோடு. 1895-இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆறு அந்தக் கோட்டைத் தாண்டி மேற்கே புடைக்கும் இடத்தில் ஆறுதான் எல்லை. அதற்குத் தெற்கே எல்லை சற்றுக் கிழக்கே தள்ளிப் போகிறது. மேல்கோடும் கீழ்கோடும் நேருக்கு நேர் வராது.

மரத்தைத் தரையென்று நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. மென்பொருளில் போட்டு, தண்ணீர் வெளியேற வழியில்லாத பள்ளங்களைத் தரவில் நிரப்பி, நீர் ஓடும் திசையைக் கேட்டால் ஆறு தானாக வந்துவிடும். தாமிரபரணிக்கு அழகாக வரும். பாணதீர்த்தம், காரையாறு, பாபநாசம் என்று மலையை விட்டு இறங்குவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் விழுகிற ஆறு அது. ரேடார் பத்து மீட்டர் பிசகினாலும் தண்ணீர் வேறு எங்கே போகும்?

ஃபிளையில் அது செல்லாது. கியுங்கா துறை ஆற்றுவழியே கடலிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் உள்ளே; அங்கேயே தரையின் உயரம் 30 மீட்டர் அளவுதான். காட்டு மரமும் அந்த உயரம் வளரும். அடர்காட்டில் எஸ்ஆர்டிஎம் ரேடார் அலை பெரும்பாலும் தரைக்கு வராமல் இலைக்கூரைக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. அதனால் புல் சதுப்பு பள்ளமாகவும், அதை ஒட்டிய காடு குன்றாகவும் பதிவாகும். இல்லாத குன்றைச் சுற்றி மென்பொருள் ஆற்றை ஓட்டும். பள்ளம் நிரப்பிய இடங்களில் சீப்புப் பல் போல நேர்க்கோடுகளாக ஓடைகள் நிற்கும்.

ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு எல்லைப் பகுதியைக் காட்டும் படம் கேட்டிருந்தார்கள். நாங்கள் பார்ப்பதற்குள் ஒரு தம்பி பிளக்ஸ் அடித்துவிட்டான். அதில் ஃபிளை எல்லையைத் தொடவே இல்லை. "அண்ணாச்சி, சாஃப்ட்வேர் போட்ட கோடு, அது எப்படித் தப்பாப் போவும்?" என்று நம்மையே கேட்கிறான். பிளக்ஸ் காசு போனது போனதுதான்.

உள்ளூரிலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது. காரையாறு அணையின் நீர்ப்பரப்பு தரவில் சமதளம் என்பதால் அங்கே கோடு ஆற்றை மறந்து நேராக ஓடும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வாழையும் பனையுமான சமவெளியில் தடுமாறும். "லேசா விலகுது" என்று அதைத் தாண்டிப் போகிறவர்தான் ஃபிளையில் மாட்டுவார்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஆற்றை முதலில் கையால் வரையுங்கள். மர உயரத்தைக் கழித்த மெரிட், ஃபேப்டெம் போன்ற உயரத் தரவில் அந்த வழியே உயரத்தைக் குறைத்துப் பள்ளம் வெட்டுங்கள். அப்புறம் நீரோட்டத்தைக் கேளுங்கள். இன்னொன்று: துணையாறான ஓக் டெடியில் உள்ள சுரங்கத்தின் கழிவு வண்டல் படுகையை உயர்த்தி, கரையோரக் காடு நெடுகப் பட்டுப்போயிருக்கிறது. 2000-இல் ரேடார் பார்த்த காடு இன்றும் அங்கே நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

நீளத்துக்குத் தசமப்புள்ளி

வேண்டாம்.

மேகமில்லாத படத்துக்குக் காத்திருப்பது

கிடைப்பது அரிது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்தை எடுங்கள்.

ஐப்பசி வெள்ளத்தை அங்கே கொண்டுபோவது

நமக்கு வடகிழக்குப் பருவம் வந்தால்தான் ஆறு. ஓக் டெடி கரையிலுள்ள தபூபிலில் ஆண்டு முழுக்க மழை, மொத்தம் 8 மீட்டர் அளவில். சரி, அப்படியானால் வற்றாத நீர்வழி என்று குறித்துவிடலாமா? 1997-இலும் 2015-இலும் எல் நினோ வறட்சியில் தண்ணீர் இறங்கி, கியுங்காவுக்குக் கப்பல் வர முடியாமல் ஓக் டெடி சுரங்கமே நின்றது. நீர்வழிக் குறியீடு போடும்போது ஓரத்தில் அந்த இரண்டு ஆண்டுகளையும் எழுதிவிடுங்கள்.