நீராவியா, எக்ஸ்ட்ராக்டரா? காரின் உட்புறச் சுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடையில் எங்கள் காரின் பின் இருக்கையில் பால் பாக்கெட் ஒன்று உடைந்து கொட்டியது. கையோடு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் அருகிலிருந்த கார் வாஷ் கடையில் விட்டோம். அவர்கள் நீராவி பாய்ச்சித் துடைத்துக் கொடுத்தார்கள். வெள்ளைத் தடம் மறைந்து, இருக்கை பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் மதியம், வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மேல்துணியில் இருந்த பால்தான் போயிருந்தது; அதற்குக் கீழே ஸ்பாஞ்சுக்குள் இறங்கிய பால் அப்படியே இருந்தது. வேலை செய்தவரின் உழைப்பில் குறையில்லை. அவர் எடுத்த கருவிதான் அந்த வேலைக்கு உரியதாக இல்லை.

ஸ்டீம் கிளீனர் தன் கொதிகலனில் தண்ணீரைக் காய்ச்சி, அழுத்தத்தோடு நீராவியாக வெளியே விடுகிறது. அந்தச் சூட்டில் பிசுக்கும் எண்ணெயும் இளகுகின்றன. இளகிய அழுக்கை அந்தக் கருவி எடுத்துச் செல்வதில்லை. எடுப்பது நம் கையிலுள்ள துணி. துணி எட்டாத ஆழத்தில் அழுக்கு இளகி, ஆறி, மறுபடியும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ட்ராக்டரில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றிலிருந்து ஷாம்பூ கலந்த தண்ணீரை இருக்கைக்குள் பீய்ச்சி, அழுக்கோடு கலந்த அந்தத் தண்ணீரை அதே கைப்பிடியின் வாய் வழியே உறிஞ்சி மற்றொரு தொட்டியில் சேர்க்கிறது. அது அழுக்கை உண்மையாகவே வெளியே கொண்டுவருகிறது. அதற்கு விலையாக, இருக்கைக்குள் தண்ணீரை விடுகிறது. எனவே அழுக்கு மேற்பரப்பில் நிற்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்பதையும், அந்த இடத்தில் விடும் தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை, இதைப் பாராமல் கையில் இருக்கும் கருவியையே காரின் எல்லா இடத்திலும் ஓட்டுவதால் வருபவை.

பெயரில் ஏற்படும் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெந்நீரைப் பீய்ச்சி உறிஞ்சும் வேலையைக்கூட ‘ஸ்டீம் கிளீனிங்’ என்று அழைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் கார்பெட் சுத்தம் செய்வோர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே விளம்பரத்தில் உள்ள பெயரை நம்பி ஒரு கருவியை வாங்கவோ, ஒரு கடையில் காரை விடவோ கூடாது. உறிஞ்சும் மோட்டாரும் அழுக்குத் தண்ணீர் சேரும் தொட்டியும் இருக்கின்றனவா என்று கேட்டால் எந்தக் கருவி என்பது தெரிந்துவிடும்.

எந்தக் கருவியானாலும் முதலில் வேக்குவம் கிளீனரால் மண்ணையும் தூசியையும் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். காய்ந்த மண்ணை எடுப்பது எளிது. அதன்மேல் ஈரம் பட்டுவிட்டால் அது சேறாகி நூலிழைகளுக்குள் இறங்கிவிடும்.

சூடு எல்லாக் கறையையும் கரைக்கும் என்ற எண்ணம்தான் நான் பார்த்தவற்றில் அதிகச் சேதம் செய்யும் தவறு. பால், தயிர், முட்டை, ரத்தம், குழந்தைகளின் வாந்தி ஆகிய எல்லாவற்றிலும் புரதம் உண்டு. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதைப்போலவே, இந்தப் புரதமும் நீராவி பட்டதும் இறுகி நூலிழையோடு பிடித்துக்கொள்ளும். இத்தகைய கறைகளுக்குக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரும், என்சைம் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) கலந்த கிளீனரும், அதற்குப் பின் எக்ஸ்ட்ராக்டரும்தான் சரியான வரிசை. என்சைமும் சூட்டில் செயலிழந்துவிடும் என்பதால், அதை ஊற்றிவிட்டு உடனே நீராவி காட்டுவது ஊற்றியதை வீணாக்குவதாகும். எங்கள் காரின் இருக்கையை இரண்டாவது முறை வேறொருவர் இப்படித்தான் செய்தார். என்சைம் கிளீனரைத் தெளித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, சாதாரணத் தண்ணீரைக் கொண்டு உறிஞ்சினார். முதல் தடவை தொட்டியில் சேர்ந்த தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர்போல் வெண்மையாக இருந்தது. நான்காவது தடவைதான் தெளிந்தது. பிறகு வாடை வரவில்லை.

நம் ஊர்க் கார்களில் பாலுக்கு அடுத்தபடியாகக் கொட்டுவது சாம்பாரும் குழம்பும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற பொருள், சுண்ணாம்பு போன்றவற்றின் காரத்தன்மை (அல்கலி) பட்டால் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவது இதனால்தான். காரம் மிகுந்த ஷாம்பூவை எக்ஸ்ட்ராக்டரில் ஊற்றிக் குழம்புக் கறையின்மேல் பீய்ச்சியவர்கள், மஞ்சள் கறை செங்கறையாக மாறியதைக் கண்டு பதறியிருப்பார்கள். எண்ணெயை எடுக்கக் காரமற்ற ஷாம்பூவைப் பயன்படுத்தி உறிஞ்சிவிட்டு, எஞ்சிய மஞ்சளை வெயிலுக்கு விட்டுவிடலாம். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். கொடியில் காயும் வேட்டியில் நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

நீராவிக்கென்றே அமைந்த இடங்களும் காரில் இருக்கின்றன. கைப்பிசுக்கு ஏறிய ஸ்டீயரிங், கதவுக் கைப்பிடி, கப் வைக்கும் குழி, பெடல், கதவின் ஓரத்து ரப்பர், ஏசி காற்றுத் துளையின் பட்டைகள் ஆகியவை கடினமான, நீரை உறிஞ்சாத பரப்புகள். அங்கே எக்ஸ்ட்ராக்டருக்கு வேலையே இல்லை. ஆனால் நீராவி பட்டாலே கிருமி போய்விடும் என்று நினைத்து, முனையை வேகமாக ஓட்டிக்கொண்டே போவது தவறு. 4 பார் அழுத்தத்தில் கொதிகலனுக்குள் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தாலும், நீராவி வெளியே வந்து காற்றோடு கலந்ததும் சூடு விரைவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் பரப்பில் படுவது வெதுவெதுப்பான ஈரம்தான். கிருமி சாக வேண்டுமானால் முனை அருகில் இருக்க வேண்டும், சூடு சில விநாடிகளாவது அதே இடத்தில் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தினால் தாங்கக்கூடிய பரப்பா என்பதையும் பார்க்க வேண்டும்.

தாங்காத பரப்புகளில் முதலாவது கூரையின் உள்துணி. அது மெல்லிய ஃபோம் அடுக்கோடு அட்டையின்மேல் பசையால் ஒட்டப்பட்டது. நீராவியின் சூட்டில் பசை இளகினால் துணி தொங்கிப்போகும். அதைப் பிறகு முழுவதும் கழற்றி மாற்றுவதைத் தவிர வழியில்லை. எக்ஸ்ட்ராக்டரின் ஈரமும் அங்கே ஆகாது. கிளீனரைத் துணியில் தெளித்து, ஒரே திசையில் மெதுவாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அசல் லெதரில் ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் தோல் சுருங்கி விறைக்கும். துளையிட்ட லெதரில் தண்ணீர் துளை வழியே ஸ்பாஞ்சுக்குள் இறங்கும். டேஷ்போர்டின் தொடுதிரையிலும் ஸ்விட்சுகளிலும் நேராக நீராவி விடவே கூடாது. ரெக்சின் இருக்கைக்கு நீராவியைத் துணி சுற்றிய முனையால் காட்டித் துடைத்தாலே போதும்.

எக்ஸ்ட்ராக்டரில் நேரும் தவறு ஏறக்குறைய ஒன்றுதான்: தண்ணீரை அதிகமாக விடுவது. ஆனால் அதன் விளைவுகள் பல. இருக்கையின் ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாத ஈரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், காற்றே ஈரமாக இருக்கும் சென்னை போன்ற கடற்கரை ஊர்களில், கண்ணாடியை ஏற்றிப் பூட்டிய காருக்குள் அந்த ஈரம் தானாகக் காயும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இன்னொன்று, அடியிலுள்ள ஈரம் காயும்போது கரைந்த அழுக்கைத் தன்னோடு மேலே இழுத்துவரும். நேற்று மறைந்த கறை இன்று வட்டமாகத் திரும்ப வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். மறுபடியும் தண்ணீர் பீய்ச்சினால் வட்டம் பெரிதாகும். ஒரு தடவை பீய்ச்சினால் இரண்டு மூன்று தடவை பீய்ச்சாமல் உறிஞ்ச மட்டும் செய்ய வேண்டும். கைப்பிடியின் கண்ணாடி வாயில் தண்ணீர் ஓடுவது நின்ற பிறகும் ஒருமுறை மெதுவாக இழுப்பது நல்லது. வேலை முடிந்ததும் கதவுகளைத் திறந்து மின்விசிறியை இருக்கையை நோக்கி வைத்துவிட வேண்டும். வேலையைக் காலையில் தொடங்குவதே முறை. மாலையில் இருக்கையை நனைத்துவிட்டு இரவு காரைப் பூட்டுவது பூஞ்சைக்குப் பாய் விரிப்பதுபோல் ஆகிவிடும்.

ஷாம்பூவின் அளவிலும் கவனம் வேண்டும். நுரை நிறைய வந்தால் சுத்தம் அதிகம் என்று நினைத்து வாளியில் கலக்கும் சாதாரண ஷாம்பூவை ஊற்றினால், நுரை அழுக்குத் தொட்டியில் பொங்கி மோட்டாருக்குள் போகும். இருக்கையில் தங்கிய சோப்பு பிசுபிசுத்து, முன்பைவிட வேகமாகத் தூசியை ஈர்க்கும். நுரை குறைந்த எக்ஸ்ட்ராக்டர் ஷாம்பூவைக் குறித்த அளவில் கலந்து, கடைசித் தடவை வெறும் தண்ணீரால் அலசி எடுக்க வேண்டும்.

இருக்கையின் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டரோ கம்பியோ தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. அதன்மேல் நீராவியும் தண்ணீரும் படக் கூடாது. அதைக் கழற்றி மாட்டும் வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்குடையது.

கருவியைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டிய நேரமும் உண்டு. முன்பக்கப் பயணியின் காலடி கார்பெட் அடிக்கடி நனைந்து நாறினால், ஏசியிலிருந்து நீரை வெளியேற்றும் சிறுகுழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த அடைப்பை நீக்காமல் எத்தனை முறை உறிஞ்சினாலும் ஈரம் திரும்ப வரும். கார்பெட்டின்மேல் முழுவதுமாக ஒட்டிப் பரப்பிய வினைல் விரிப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மேலே துடைத்த இடம் காய்ந்திருக்கும், அடியில் மாதக்கணக்காக ஈரம் நிற்கும். வெள்ளத்தில் நின்ற காருக்கும் இது பொருந்தும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களைப் போன்றவற்றில், இருக்கைகளைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அதன் அடியிலுள்ள பஞ்சு அடுக்கைக் காயவைக்காமல் மேலே நீராவி காட்டுவது சாக்கடை நீரை உள்ளேயே வைத்து மூடுவதற்குச் சமம்.

சொந்தமாக ஒரே ஒரு கருவி வாங்குவோர் தங்கள் இருக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம். ரெக்சின் இருக்கையும் ரப்பர் மேட்டும் உள்ள காருக்கு ஸ்டீம் கிளீனர் போதும். துணி இருக்கையும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு எக்ஸ்ட்ராக்டர்தான் வேண்டும் என்பேன். பிசுக்கைத் துணியாலும் பிரஷாலும் துடைத்துக்கொள்ள முடியும், ஸ்பாஞ்சுக்குள் இறங்கியதைக் கையால் எடுக்க முடியாது. ஸ்டீம் கிளீனர் வாங்கினால் அது எத்தனை வாட் என்று பாருங்கள். நம் வீடுகளின் 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட்தான் தாங்கும். அதற்கு மேற்பட்ட கருவிக்கு 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கேற்ற தடிமனான நீட்டிப்பு வயரும் தேவை. உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரை ஊற்றினால் கொதிகலனில் உப்புப் படிந்து நாளடைவில் நீராவி குறையும். அழுத்தம் முழுவதும் இறங்காமல் மூடியைத் திறக்கவே கூடாது.

எக்ஸ்ட்ராக்டரை வாங்குவதற்கு முன், கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கக் கேளுங்கள். நல்ல நீர்த் தொட்டியில் அரை லிட்டர் தண்ணீரை ஒரு குவளையால் அளந்து ஊற்றி, ஒரு கார்பெட் துண்டின்மேல் முழுவதையும் பீய்ச்சி உறிஞ்சச் சொல்லி, அழுக்குத் தொட்டியில் எவ்வளவு திரும்ப வந்தது என்று அதே குவளையால் அளந்து பாருங்கள். திரும்பி வராத தண்ணீர்தான் நாளை உங்கள் இருக்கைக்குள் நிற்கப்போவது.